பிக்காசோவின் படுதா

நியூயார்க் பார்க் அவென்யூவின் சீகிராம் கட்டடத்தில் 1959-இல் திறந்த 'தி ஃபோர் சீசன்ஸ்' உணவகத்துக்கு இரண்டு பெரிய கூடங்கள். அவற்றை இணைக்கும் நடைவழியில் ஏறக்குறைய இருபதடி உயரப் படுதா ஒன்று தொங்கியது. நகரத்துப் பெரும் புள்ளிகள் அதைக் கடந்துதான் மேசைக்குப் போவார்கள். அந்த வழிக்கே பிக்காசோ சந்து என்று பெயர் விழுந்துவிட்டது.

படுதா பிறந்தது நாடக மேடைக்காக. 1919 ஜூலையில் லண்டன் அல்ஹம்ப்ரா அரங்கில் தியாகிலேவின் 'பாலே ரூஸ்' குழு ஆடிய 'லெ ட்ரிகார்ன்' நாட்டியத்துக்குப் பிக்காசோ தீட்டிக் கொடுத்தது. அதில் காளைச் சண்டை முடிந்துவிட்டது. செத்த காளையைக் குதிரைகள் இழுத்துப் போகின்றன. அதைப் பார்க்க ஆளில்லை. முக்காடிட்ட பெண்கள் தங்கள் பேச்சில் இருக்கிறார்கள், ஒரு சிறுவன் பழம் விற்கிறான். ஆரவாரம் அடங்கிய பிறகு வரும் அந்தச் சோர்வைப் பிக்காசோ பிடித்த விதம் எனக்கு அவருடைய புகழ்பெற்ற பல படங்களைவிட நெருக்கமானது.

1928-இல் பணமுடை. தியாகிலேவ் படுதாவின் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து விற்றார். கலைக்குச் செய்த கொடுமைதான். ஆனால் ஒரு குழுவை வைத்துச் சோறு போட்டவருடைய நெருக்கடியையும் நினைக்க வேண்டும். அந்த வெட்டுத்துண்டைத்தான் 1957-இல் சீகிராம் முதலாளியின் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட் வாங்கினார்.

1989-இல் உணவகத்தின் உள்ளமைப்புக்கு நகரம் பாரம்பரியச் சின்னப் பாதுகாப்பு அளித்தது. படுதாவுக்கு அது கிடைக்கவில்லை. கழற்றக்கூடிய பொருள், உரிமையும் வேறு. சுவருக்குக் கிடைத்த காவல் சுவரில் தொங்கிய ஓவியத்துக்கு இல்லாமல் போனது பெரிய தவறு. 2005-இல் படுதா நியூயார்க் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்கு நன்கொடையாகப் போனது. 2014-இல் கட்டட உரிமையாளர், சமையலறை நீராவி கசிந்து சுவர் பழுதாகிவிட்டது, படுதாவைக் கழற்ற வேண்டும் என்றார். நைந்த துணி, தொட்டால் நொறுங்கும் என்று அமைப்பு நீதிமன்றம் போனது. கடைசியில் சமரசம். செப்டம்பரில் ஓர் இரவு தொடங்கி, பெரிய உருளையில் அங்குலம் அங்குலமாகச் சுற்றி இறக்கினார்கள். நொறுங்கவில்லை. மறு ஆண்டு நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் மக்கள் பார்வைக்கு வந்தது.

உணவகம் 2016 ஜூலையில் அந்தக் கட்டடத்தை விட்டது. நாற்காலி, தட்டு, கரண்டி எல்லாம் ஏலம் போயின. 2018-இல் சற்றுத் தள்ளி வேறிடத்தில் திறந்து, ஓர் ஆண்டு நிறையுமுன்பே, 2019 ஜூனில் ஒரேயடியாக மூடினார்கள். படுதாவுக்கு நூறு வயது நிறைய அப்போது சில வாரங்களே பாக்கி.