கொழுப்புக் கல்லீரல் நோய்: விலங்கு மாதிரிகள்

மனிதரின் கொழுப்புக் கல்லீரல் நோயை ஆராய, உணவாலோ மரபணு மாற்றத்தாலோ வேதிப்பொருளாலோ அந்நிலை உண்டாக்கப்பட்ட விலங்குகள், பெரும்பாலும் சுண்டெலிகள். கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு தேங்குவது நோயின் அடையாளம். அழற்சி, நார்த்திசுப் பெருக்கம், சிரோசிஸ் என அது முற்றக்கூடும். மதுவால் வராத அழற்சி வகையை 1980இல் மேயோ கிளினிக்கின் லுட்விக் குழுவினர் பெயரிட்டு விவரித்தனர்.

மரபணு மாதிரிகளில் பழையது, 1949இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட ஓபி/ஓபி சுண்டெலி. லெப்டின் ஹார்மோன் இல்லாததால் இது ஓயாது தின்று பருக்கிறது. கல்லீரலில் கொழுப்பு நிறைந்தாலும் நார்த்திசு தானாக உருவாவது அரிது. மெத்தியோனினும் கோலினும் நீக்கிய உணவில் நிலைமை நேர்மாறு: கொழுப்பை ஏற்றிச்செல்லும் விஎல்டிஎல் துகள்களின் சுரப்பு குறைய, சில வாரங்களிலேயே அழற்சியும் நார்த்திசுவும் தோன்றும், ஆனால் எலி மெலிந்துவிடும். பருமனோடு வரும் நோய்க்கு மெலிந்த எலி பொருந்தாச் சான்றே. கொழுப்பு, ஃபிரக்டோஸ், கொலஸ்ட்ரால் மிகுந்த உணவு மனித நோயை நெருங்குகிறது. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

எலிகளில் பலன் காட்டிய மருந்துகள் பல மனிதச் சோதனையில் தோற்றன. அமெரிக்காவில் இந்நோய்க்கான முதல் மருந்தாக ரெஸ்மெட்டிரோம் 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்றது.