திண்ணையும் சீரமைப்பு மாநாடும்

கிராமத்துப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைப்பது எப்படி என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவோம். ஆனால் நம் ஊர்களில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே வீட்டுத் திண்ணையில்தான் நடந்தது. வாத்தியாருக்குக் குடும்பங்கள் நெல்லாகவும் காசாகவும் அளந்தன. நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டத்தோடு வீடு வீடாகப் பாடிப் போனார்கள். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ கணக்கெடுக்கச் சொன்னபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தது தெரியவந்தது. ஆனால் அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. பெண் பிள்ளைகளோ மிகச் சொற்பம். அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் போற்றுவது 1950களை. காமராசர் முதல்வர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். 1956இல் மதிய உணவு தொடங்கியபோது, ஊரார் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் பள்ளி அடுப்புகள் எரிந்தன. அரசு மானியம் பிறகு வந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நிலம், கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, சீருடை என்று ஊர் மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்களும் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

இன்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பெற்றோரே, அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அவசியம் போங்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பதை முதலில் கேளுங்கள்.