போக்கிமான்: 256-இல் ஒரு பிழை

கேம்பாய் கருவிக்காகக் கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கிய போக்கிமான் விளையாட்டு 1996 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. அதன் சண்டைக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு.

நூற்றுக்கு நூறு குறி தவறாத தாக்குதலுக்கு உள்ளே இருக்கும் எண் 255. கருவி 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை எடுக்கும். அது 255-ஐ விடக் குறைவாக இருந்தால்தான் அடி விழும். சரி, 255-ஏ வந்துவிட்டால்? குறி தவறும்! 256-இல் ஒரு தடவை.

'ஃபோகஸ் எனர்ஜி' கதை இன்னும் மோசம். பலத்த அடிக்கான வாய்ப்பைக் கூட்ட வேண்டிய அது, நான்கில் ஒன்றாகக் குறைத்துவிட்டது.

விற்ற கார்ட்ரிட்ஜைத் திருத்த முடியாதே! 1999-இல் வந்த கோல்டு, சில்வர் விளையாட்டுகளில் இரண்டும் சரியாக இருந்தன.

பிற்பாடு ரசிகர்கள் பழைய விளையாட்டின் பைட்டுகளைப் பிரித்து, படிக்கக்கூடிய அசெம்பிளி நிரலாக எழுதினார்கள். அதைத் தொகுத்தால் ஒரு பைட்டும் மாறாமல் அதே விளையாட்டு, அதே பிழைகளோடு வரும். திருத்த நினைப்பவர்கள் தனிப் பிரதி எடுத்துச் சில வரிகளை மாற்றிக்கொள்கிறார்கள்.

மூலத்திலேயே திருத்தியிருந்தால் என்ன? அன்று எத்தனையோ சிறுவர்களின் வெற்றி தோல்வியை முடிவுசெய்தது அந்தப் பிழைதான் என்பதற்குச் சாட்சி இருக்காது. பிழையைத் திருத்துவது வேறு, மறைப்பது வேறு.