130 வெள்ளிக்கு விலைபோன வீரன்

உழைப்பவன் ஒருவன், அவ்வுழைப்பின் பயனை நுகர்பவன் மற்றொருவன் என்னும் நிலைமை தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் மட்டுமே உண்டென்று நம்மிற் பலர் கருதுகின்றனர். கலைஞன் சுதந்திரமானவன், படித்தவன். அவனை ஏய்ப்பார் யார் என்பது அவர்தம் எண்ணம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு ஜோ ஷூஸ்டர் என்னும் சித்திரக்காரரின் வரலாறு ஒன்றே போதும். நீல உடையும் சிவப்புப் போர்வையும் அணிந்து வானிற் பறக்கும் சூப்பர்மேனை அறியாத சிறுவர் எந்நாட்டிலும் அரியர். அவ்வுருவை முதன்முதல் வரைந்த கை எவருடையது என்று வினவினாலோ விடை கூறுவோர் மிகச் சிலரே.

ஷூஸ்டர் 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் கனடாவின் டொரொன்டோ நகரிற் பிறந்தார். தந்தையார் ஐரோப்பாவினின்று குடியேறிய யூதர், தையல் தொழிலாளர். சித்திரத்தாள் வாங்கவும் வகையற்ற வீடு. சுவரில் ஒட்டும் தாளின் பின்புறமும் கடைகளிற் பொதி கட்டும் தாளுமே அச்சிறுவருக்கு ஏடுகளாயின. தெருவிற் செய்தித்தாள் விற்றும் அவர் பொருள் ஈட்டினார். பின்னர்க் குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லந்து நகருக்குப் பெயர்ந்தது. அங்கே பள்ளியில் ஜெரி சீகல் நண்பரானார். சீகல் கதை புனைவார். ஷூஸ்டர் அதற்கு உருக்கொடுப்பார். தாயார் ரொட்டி மாப் பிசையும் பலகையே சித்திரப் பலகை.

1933ஆம் ஆண்டை ஒட்டி இவ்விருவர் சிந்தையில் உருவானவனே சூப்பர்மேன். நாளிதழ்களுக்குத் தொடர்சித்திரம் வழங்கும் நிறுவனங்கள் அவனை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. 1938இல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' என்னும் புதிய இதழை வெளியிடவிருந்த நியூயார்க்குப் பிரசுரகர்த்தர் 13 பக்கக் கதை கேட்டார். நாளிதழுக்கென வரைந்து வைத்திருந்த கட்டங்களை வெட்டி ஒட்டி, புத்தகப் பக்கங்களாக அமைத்து நண்பர்கள் அனுப்பினர். பக்கத்திற்கு 10 வெள்ளி வீதம் கிடைத்த கூலி 130 அமெரிக்க வெள்ளி. அப்பணத்திற்கு ஈடாக அவர்கள் ஒப்பமிட்ட பத்திரமோ, சூப்பர்மேன்மீது தமக்குள்ள உரிமை முழுவதையும் பிரசுரகர்த்தருக்கு எழுதிக் கொடுத்தது. இருவருக்கும் அன்று வயது 23.

சூப்பர்மேன் ஆதியில் எவரோடு போரிட்டான் என்பது கவனிக்கத்தக்கது. முதல் இதழிலேயே மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டித்தான். அவ்வாண்டிலேயே வந்த மற்றொரு கதையில், தொழிலாளர் உயிரைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளியைச் சுரங்கத்துக்குள்ளேயே அடைபடச் செய்து, அவர்கள் படும் பாட்டை உணர வைத்தான். ஏழைத் தையற்காரர் மகன் வரைந்த வீரன் ஏழையின் பக்கம் நின்றதில் வியப்பில்லை.

1939 ஜனவரியில் நாளிதழ்த் தொடரும் தொடங்கிற்று. இதழ்களோ பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. ஷூஸ்டர் உதவிச் சித்திரக்காரர் பலரை அமர்த்தினார். சில ஆண்டுகள் இருவரும் நல்ல ஊதியமே பெற்றனர். அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் படைத்தவர் கூலிக்காரர், வாங்கியவரே உடைமையாளர். 1947இல் அவர்கள் வழக்காடினர். மறு ஆண்டு ஏறத்தாழ 94,000 வெள்ளி பெற்று வழக்கை முடித்துக்கொண்டனர்; வேலையும் போயிற்று, இதழிற் பெயரும் போயிற்று. சித்திரக்காரருக்கு உயிர்நாடியான கண்ணொளியும் ஷூஸ்டருக்கு நாளடைவில் மங்கிற்று. மீண்டும் தொடுத்த வழக்கு 1974இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

சட்டம் கைவிட்ட இடத்தில் சங்கம் கைகொடுத்தது. 1975இல் சூப்பர்மேன் திரைப்படம் பெரும்பொருட் செலவில் உருவாகவிருந்த சமயம், சீகல் தம் துயரத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் முதலிய சித்திரக்காரர்கள் கிளர்ந்தெழுந்தனர். சித்திரக்காரர் சங்கமும் உடன் நின்றது. பொதுமக்கள் பழிக்கு அஞ்சிய நிறுவனம் அவ்வாண்டு இறுதியில் இணங்கிற்று. இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 வெள்ளி உதவித்தொகை. சூப்பர்மேன் கதைகளில் மீண்டும் அவர்தம் பெயர்கள். ஷூஸ்டர் 1992இல் மறைந்தார். 1938இல் அவர்கள் பெற்ற காசோலைத் தாள் 2012இல் ஏலத்தில் 160,000 வெள்ளிக்கு விற்றது. அப்பணமும் படைத்தவர் கைக்கு வந்ததன்று.

"படித்துப் பார்த்துக் கையெழுத்திடு" என்று நாம் தொழிலாளருக்கு ஓயாது உபதேசிக்கிறோம். நல்லுபதேசமே. ஆனால் ஷூஸ்டரும் சீகலும் ஆங்கிலம் பயின்றவர்கள். பத்திரம் எழுதப்பட்ட மொழி அவர்கள் நாள்தோறும் பேசிய மொழி. படிக்கத் தெரியாமையாலன்று, மறுத்தால் வேறு வழியின்மையாலேயே ஒப்பமிட்டனர். ஐந்தாண்டுகள் கதவுகள் மூடக் கண்டவர், திறந்த ஒரு கதவின்முன் நின்று பேரம் பேசுவரோ?

தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் யான் கையெழுத்து வாங்கும் மேசைக்கு இப்பக்கம் இருப்பவன். "இதில் என்ன எழுதியிருக்கிறது, ஐயா?" என்று கேட்டவர்க்கு, "வழக்கமானதுதான், போடு" என்று யானும் விடை கூறியதுண்டு. ஷூஸ்டரின் வரலாற்றைக் கற்ற பின்னர் அவ்விடை என் நெஞ்சைச் சுடுகின்றது. வழக்கம் என்பது நியாயத்தின் மறுபெயரன்று. கல்வி நமக்குக் கண்ணைத் தரும். கண்ட அநீதியை "மாட்டேன்" என்று மறுக்கும் வலிமையோ, பக்கத்தில் நிற்கும் தோழர்களாலன்றி வாராது. வானிற் பறக்கும் வீரன் எவனும் ஷூஸ்டரைக் காக்க வந்திலன். உடன் தொழில் செய்த மனிதரே வந்தனர்.