பெட்டி படுக்கை

"பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டான்" என்று இன்றும் சொல்கிறோம். பெட்டிக்குச் சக்கரம் முளைத்துவிட்டது. படுக்கை பேச்சில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. நம் தலைமுறைக்கு அது வெறும் பேச்சு அல்ல. ஹோல்டால் இல்லாமல் நாம் தொலைதூர ரயில் ஏறியதுண்டா? கான்வாஸ் துணி, இரண்டு தோல்வார், உள்ளே ஜமக்காளம், போர்வை, தலையணை. வெளியூர் போகிறவன் தன் தூக்கத்தையும் சுருட்டிக்கொண்டு போன காலம் அது.

இப்போது பிள்ளைகள் ஏற்காடு, கொடைக்கானல், கொழுக்குமலை என்று போய்க் கூடாரத்தில் தங்குகிறார்கள். வெட்டவெளியில் தூங்குவதை பிரெஞ்சில் 'ஆ லா பெல் எத்துவால்' என்பார்கள், அதாவது 'அழகிய நட்சத்திரத்தின் கீழ்'. பள்ளியில் இதைப் படித்தபோது கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் நட்சத்திரத்தின் கீழ் படுத்தவனைத் தூங்கவிடாமல் செய்வது மேலே இருக்கும் வானம் அல்ல, கீழே இருக்கும் தரைதான். நம் நாட்டில் பயணப் படுக்கையின் வரலாறே இந்தத் தரையோடு நடந்த போராட்டம்தான்.

14ஆம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து வந்த இபன் பதூதா, டெல்லியில் பல ஆண்டுகள் இருந்தவர், மதுரை சுல்தானிடமும் வந்து தங்கியவர். நம் கயிற்றுக் கட்டிலைப் பற்றி அவர் வியந்து எழுதியிருக்கிறார். நான்கு கால், நான்கு சட்டம், நடுவே பட்டு அல்லது பருத்திக் கயிற்றுப் பின்னல். ஒரே ஆள் தூக்கிவிடலாம், மேலே மெத்தை தேவையில்லை. பயணம் போகிறவர்கள் ஆளாளுக்குக் கட்டில் கொண்டுபோவார்கள் என்றும், அதை அடிமையின் தலையில் ஏற்றி அனுப்புவார்கள் என்றும் குறித்து வைத்தார். இந்தக் கடைசிச் செய்தியை மறக்காதீர்கள், மீண்டும் வருவோம்.

கயிற்றுக் கட்டில் சமவெளிக்கு வரப்பிரசாதம். பூச்சி பொட்டு ஏறாது, ஈரம் படாது, பின்னலின் இடுக்கு வழியே காற்று வந்து முதுகைக் குளிர்விக்கும். அதே கட்டிலை மார்கழியில் ஊட்டியில் போட்டுப் படுத்துப் பாருங்கள். எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழிருந்து வரும் காற்று உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டுக் கிடை போடும் கீதாரிகள் இதை நன்றாக அறிந்தவர்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளோடு இரவு தங்கும் அவர்களுக்குப் பகலில் தலையில் கொங்காணியாக மழை தாங்கும் கம்பளியே இரவில் படுக்கை. மலைக்காட்டில் தினைக்கொல்லை காத்தவர்களோ தரையையே விட்டு உயரே போனார்கள். சங்க இலக்கியம் இதணம் என்று சொல்லும் பரண், யானைக்கும் பன்றிக்கும் எட்டாத படுக்கை.

அடுத்த கதை நம் பூந்தமல்லிக்குத் தென்கிழக்கே, அதிகத் தொலைவில்லாத பரங்கிமலையில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் அங்கிருந்து ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அந்த அளவை வேலை பின்னர் இமயம் வரை போயிற்று. காடு மலையெல்லாம் கூடாரத்திலேயே வாழ்க்கை. லாம்டன் 1823இல் நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். அவருக்கு உதவியாக வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1819இல் ஹைதராபாத்துக்குக் கிழக்கேயுள்ள காடுகளில் மழைக்காலத்தில் அளக்கப் போனபோது, முகாமில் ஏறக்குறைய எல்லோரும் காய்ச்சலில் விழுந்தார்கள். பலர் உயிரோடு திரும்பவில்லை. எவரெஸ்ட் உடம்பு தேற நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார். கருவி சுமந்த கலாசிகளுக்கு அப்படிப் போக ஏது கப்பல்?

அந்தக் காய்ச்சல் சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால் வருகிறது என்று அன்று நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பலுதிஸ்ம்', சதுப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தரையைவிட்டு உயரப் படுத்தால் தப்பலாம் என்று எண்ணினார்கள். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டபிறகுதான் உண்மை தெரிந்தது. கட்டிலின் உயரத்தைவிட, அதன்மேல் கட்டிய கொசுவலையே காவல்.

வெள்ளைக்காரன் போனபின்னும் 'கேம்ப்' என்ற சொல் நம் அலுவலகங்களைவிட்டுப் போகவில்லை. ஜமாபந்தி நாட்களில் அதிகாரிக்கு டிராவலர்ஸ் பங்களாவில் கட்டில். எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பள்ளிக்கூட வராந்தா. கீழே கோரைப்பாய், அதன்மேல் ஜமக்காளம், தலைக்குக் கணக்குக் கட்டு. கோடை வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை நள்ளிரவு வரை சுடும். பாய்க்குக் கீழே வைக்கோல் பரப்பச் சொல்லித் தந்தவர் ஒரு தலையாரி. அன்று வந்த தூக்கம் பிறகு எந்த மெத்தையிலும் வந்ததில்லை.

மேலை நாட்டில் 1878இல் ஆர். எல். ஸ்டீவன்சன் பிரான்சின் செவென் மலைகளில் நடந்தபோது தமக்கென ஒரு தூக்கப்பை செய்வித்துக்கொண்டார். வெளியே நீர் புகாத வண்டித்துணி, உள்ளே ஆட்டுரோமம். பெரிய மூட்டை. அதைச் சுமக்கவே ஒரு கழுதை வாங்கினார்!

பேரப்பிள்ளைகள் மலைக்குப் போகும்போது இந்த வரலாற்றிலிருந்து நான்கு விஷயம் சொல்லி அனுப்பலாம். முதலாவது, போர்வைக்குச் செலவழிக்குமுன் விரிப்புக்குச் செலவழிக்க வேண்டும். தூக்கப்பையில் நம் எடை அழுத்தும் அடிப்பக்கம் நசுங்கிப்போய்க் கதகதப்புத் தராது. அதனால் கீழே கெட்டியான ஃபோம் பாய் அவசியம். வெறும் காற்றடைத்த மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் குளிரைத் தடுக்காது. இரண்டாவது, நனைந்த துணியோடு படுக்கக் கூடாது. இரவுக்கென்று உலர்ந்த ஒரு சட்டை தனியே இருக்கட்டும். மூன்றாவது, ஓடைப் படுகையில் கூடாரம் வேண்டாம். மேட்டில் எங்கோ பெய்த மழை நடு இரவில் வந்து சேரும். நான்காவது, கொசுவலை.

இபன் பதூதாவின் கட்டில் அடிமையின் தலையில் போயிற்று. அளவைக்காரர்களின் கட்டில் கூலியாட்கள் தோளில் போயிற்று. எங்கள் அதிகாரியின் ஹோல்டால் பியூன் கையில் போயிற்று. சுமந்தவர்கள் அன்றிரவு எதன்மேல் படுத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று இரண்டு மூன்று கிலோவில் படுக்கை அடங்கிவிட்டதால், படுக்கிறவனே அதைத் தன் முதுகில் சுமக்கிறான். பயணப் படுக்கையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த முன்னேற்றம் இதுதான்.