மரம் நட்டு இழந்த புல்வெளி: நீலகிரி மேட்டுநிலத்தின் சூழல் வரலாறு

காடு அழிகிறது என்றால் கோடரியும் லாரியும்தான் நினைவுக்கு வரும். நீலகிரி மேட்டுநிலத்தில் கடந்த இரு நூற்றாண்டுகளில் நேர்ந்த பேரிழப்புகளில் ஒன்று மண்வெட்டியாலும் நாற்றாலும் நேர்ந்தது. மரமில்லாத இடத்தில் மரம் வைத்தார்கள். வைத்தவர்களில் பெரும்பாலோர் காட்டைக் காக்கும் பொறுப்பில் இருந்தவர்கள். அந்த இடம் ஏன் மரமில்லாமல் கிடந்தது என்ற கேள்விக்கு 1938-லேயே ஒரு விடை அச்சாகிவிட்டது. நடவு அதற்குப் பிறகுதான் உச்சத்தைத் தொட்டது. அறிவு கையில் இருந்தும் அரை நூற்றாண்டு காலம் அது ஏன் எடுபடவில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி. புல்வெளிக்கு எந்தக் கணக்கிலும் பெயரில்லை, மரத்துக்கு எல்லாக் கணக்கிலும் பெயர் இருந்தது என்பது என் வாதம்.

சோலையும் புல்லும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே போனால் நிலத்தின் தோற்றம் மாறிவிடும். மலை மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் குட்டையான பசுமைமாறா மரங்கள் பாசி படர்ந்து நெருங்கி நிற்கின்றன. அவை சோலைகள். அவற்றைச் சுற்றிச் சரிவு முழுவதும் புல். சோலை முடிந்து புல் தொடங்கும் இடம் கத்தியால் அறுத்ததுபோல் இருக்கும். இடைநிலைப் புதர்கூட அதிகம் கிடையாது.

இந்தப் புல்வெளிக்கென்றே சில உயிர்கள் உண்டு. வரையாடு புல்லில் மேய்ந்து, ஆபத்து வந்தால் பாறைச் சரிவுக்கு ஓடுகிறது. அடர்ந்த மரங்களுக்கிடையே அதற்கு வாழ்வில்லை. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை தரையில் புல்லுக்கிடையே கூடு கட்டுகிறது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் திறந்த சரிவின் செடிதான். தோடர்களின் எருமைகளுக்கு இது மேய்ச்சல் நிலம். அவர்களின் கோயில்களுக்குக் கூரை வேயும் புல்லும் இங்குள்ள சதுப்புகளில்தான் கிடைக்கிறது. மந்துகள் எனப்படும் தோடர் குடியிருப்புகளின் இருப்பிடங்களைப் பார்த்தாலே, சோலை, புல், நீர் மூன்றும் சேரும் இடமாகத் தேர்ந்து குடியமர்ந்திருப்பது தெரியும்.

விறகுப் பஞ்சத்தில் தொடங்கியது

திப்பு வீழ்ந்த 1799-க்குப் பிறகு நீலகிரி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். அடுத்த சில பத்தாண்டுகளில் உதகமண்டலம் நோய்தீர்க்கும் ஊராகவும், படைவீரர்களின் ஓய்விடமாகவும், பிறகு சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகராகவும் வளர்ந்தது. குளிர்நாட்டுப் பாணி வீடுகள், வீட்டுக்கு வீடு கணப்பு. ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் விறகாயின. சோலை மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. வெட்டிய வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை.

தீர்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் காட்டன் 1843-இல் யூகலிப்டஸைக் கொண்டுவந்ததாகப் பதிவு உள்ளது. ஏறக்குறைய அதே காலத்தில் வாட்டில் வகைகளும் வந்தன. மலையில் இன்று முன்னதைக் கற்பூர மரம் என்றும் பின்னதைச் சீகை மரம் என்றும் சொல்கிறார்கள். 1863-இல் ஆரம்பி என்ற யூகலிப்டஸ் தோட்டம் உருவானது. சில ஆண்டுகளில் விறகு கிடைத்தது. எஞ்சிய சோலைகள் மேலிருந்த அழுத்தமும் குறைந்தது. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அக்கால வன அதிகாரிகளின் கண்ணில் யூகலிப்டஸ் சோலையைக் காப்பாற்றிய மரம். அதை எங்கே நட்டார்கள் என்பது யாரையும் உறுத்தவில்லை, ஏனென்றால் அது ‘சும்மா கிடந்த’ நிலம்.

(நீலகிரி என்றதும் பல தமிழ் வீடுகளில் நினைவுக்கு வரும் வாசனை தைலத்தின் வாசனை. அந்தத் தைலம் பெரும்பாலும் டாஸ்மேனிய வகை மரத்திலிருந்து வடிப்பது.)

காப்பு முயற்சிகளும் இதே காலத்தில் தொடங்கின. வேட்டைக்காரர்களே தங்கள் வேட்டை தீர்ந்துபோவதைக் கண்டு 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தனர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இந்தியாவின் ஆரம்பகாலக் காட்டுயிர்ச் சட்டங்களில் இது ஒன்று. வரையாட்டைச் சுடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அது மேயும் புல்லுக்கு வரவில்லை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்கீழ் நிலங்கள் காப்புக்காடுகளாகியபோது மேய்ச்சலும், தோடர்கள் காலங்காலமாகச் செய்துவந்த பருவத் தீயிடலும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. வென்லாக் டவுன்ஸ் போன்ற பரப்புகள் தப்பியதற்குக் குதிரையேறி நரி துரத்தும் ஆங்கிலேயரின் விளையாட்டும் ஒரு காரணம். பிற்காலத்தில் அதே சரிவுகளில் தமிழ் சினிமாவின் காதலர்கள் ஓடினார்கள்.

உறைபனி சொன்ன விடை

புல்வெளி இயற்கையானதா, மனிதனால் வந்ததா? 1938-இல் ‘இந்தியன் ஃபாரஸ்டர்’ இதழில் இரண்டு பார்வைகள் மோதின. தாவரவியலர் என். எல். போர், காடு இருந்த இடத்தில் தீயாலும் மேய்ச்சலாலும் வந்ததே புல் என்று கருதினார். அப்படியானால் மரம் நடுவது, இழந்ததை மீட்பதாகும். வன அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் மறுத்தார். நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திறந்த வெளிகளில் உறைபனி விழுகிறது, சோலைக்குள் விழுவதில்லை. சோலை மர விதை புல்வெளியில் முளைத்தாலும் கன்று அந்தப் பனியில் கருகிவிடும். எனவே சோலையும் புல்லும் ஒன்றையொன்று விழுங்காமல் தத்தம் இடத்தில் நிலைத்திருக்கும் இரண்டு அமைப்புகள் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கும் பெரிய சான்று 55 ஆண்டு கழித்து வந்தது. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் நீலகிரியின் சதுப்புக் கரிமண் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுத்துக்கொள்ளும் முறை வேறு. அந்த வேறுபாடு அவை மட்கிய மண்ணிலும் பதிந்திருக்கும். அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணை ஆராய்ந்தபோது சுமார் 20,000 ஆண்டு வரலாறு கிடைத்தது. பருவமழை வலுத்த காலத்தில் மரங்களின் முறையைக் கொண்ட தாவரம் ஓங்கியது, வறண்ட காலத்தில் புல் ஓங்கியது. மேட்டுநிலத்தில் மனிதர் காடு திருத்தத் தொடங்குவதற்கு வெகு முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ரங்கநாதனின் உறைபனியை நேரடியாகச் சோதித்தது. சோலைக் கன்றுகளைத் தடுத்து நிறுத்தும் குளிர், அயல் மரக் கன்றுகளை அதே அளவுக்குத் தடுக்கவில்லை. புல்வெளியின் இயற்கை வேலி உள்ளூர் மரங்களுக்குத்தான் வேலி. சீகை அதைத் தாண்டிவிடுகிறது. இரவுகள் வெப்பமாகிவரும் நிலையில் அந்த வேலியும் தளர்கிறது.

போரின் கருத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. தீயும் மேய்ச்சலும் புல்வெளியின் எல்லைகளை மாற்றியிருக்கும். ஆனால் நிர்வாகம் இரண்டு வாதங்களையும் எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்ததாகத் தோன்றவில்லை. நடவுத் திட்டத்துக்கு விறகும் பட்டையும் கூழும் போதுமான நியாயமாக இருந்தன.

பட்டையும் கூழும்

விடுதலைக்குப் பிறகு வேகம் கூடியது. தோல் பதனிடத் தேவையான வாட்டில் பட்டைச் சாறு வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது; அதை உள்நாட்டிலேயே விளைவிப்பது தேசியக் கடமையாகப் பேசப்பட்டது. மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில் தொடங்கிய விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் தேவைப்பட்டது. 1960-கள் முதல் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகள்மேல் சீகையும் யூகலிப்டஸும் பைனும் பரவின. அந்த ஆலை பின்னாளில் பவானியை மாசுபடுத்திய வழக்குகளில் சிக்கி மூடப்பட்டது. அதற்காக நட்ட மரங்கள் மலையில் நின்றுவிட்டன.

இன்னொரு பக்கம் நீர்மின் திட்டங்கள். 1932-இல் பைக்காரா, 1950-களின் நடுவிலிருந்து கனடாவின் உதவியோடு குந்தா. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் பள்ளத்தாக்குப் புல்வெளிகளையும் சதுப்புகளையும் மூழ்கடித்தன. இந்த அணைகளுக்கு நீர் தருவது புல்வெளிகளும் அவற்றின் சதுப்புகளும்தான் என்பதையும், அவற்றின்மேல் மரம் நடும் திட்டமும் அதே அரசின் திட்டம்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

நீரின் கணக்கை உதகையிலிருந்த மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் எடுத்துப் பார்த்தது. கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றில் 1972-இல் யூகலிப்டஸ் நட்டு, மற்றதை அப்படியே விட்டு, ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரங்கள் துளிர்த்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. கோடையில் ஓடை மெலிந்து ஓடும் நாட்களில் பாதிப்பு இன்னும் கடுமை. இந்த நீர்தான் மோயாற்றிலும் பவானியிலும் இறங்கி ஈரோட்டு வயல்களுக்குப் போகிறது.

பரப்பளவின் கணக்கு செயற்கைக்கோள் படங்கள் வந்தபிறகே தெளிவானது. பழனி மலையில் 1973 முதல் நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேட்டுப் புல்வெளிகளை மொத்தமாகக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ கால் பங்கு அயல் மரங்களிடம் போயிருந்தது. நெட்டைக்காலியைப் பின்தொடர்ந்தவர்கள், அது முன்பு இருந்த சில இடங்களில் இப்போது இல்லை என்று கண்டார்கள். புல் இருந்தாலும் சிறு துண்டாக இருந்தால் அந்தப் பறவை தங்குவதில்லை.

காக்கும் சட்டங்களும் புல்லும்

1975-இல் தொடங்கிய ஆய்வில் ஈ. ஆர். சி. டேவிதார், தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து வரையாடுகள் சுமார் 2,200 இருக்கும் என்று மதிப்பிட்டார். நீலகிரியின் முக்குறுத்தி 1982-இல் சரணாலயமாகி, 1990-இல் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாயிற்று. நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி 1986-இல் அறிவிக்கப்பட்டது. 1988-இன் தேசிய வனக் கொள்கை, காடு தொழிற்சாலைகளுக்குக் கச்சாப்பொருள் கிடங்கல்ல என்றது. புல்வெளியில் புதிதாகச் சீகை நடுவதும் அந்தச் சமயத்தை ஒட்டி நின்றது.

நட்டதை எடுப்பது வேறு விஷயம். கூடலூர்ப் பகுதியில் நடந்த மரக் கடத்தலை எதிர்த்து டி. என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-இல் அகராதிப் பொருளில் காடாக உள்ள எல்லா நிலத்துக்கும் வனப் பாதுகாப்புச் சட்டத்தை விரித்தது. அந்தத் தீர்ப்பு இல்லையென்றால் இந்தியாவில் இன்று எத்தனை காடு மிஞ்சியிருக்கும் என்பது சந்தேகமே. ஆனால் நீலகிரியில் பிறந்த வழக்கே நீலகிரியின் அயல் மரத்தையும் சேர்த்துக் காத்தது. 2000 பிப்ரவரியில் வந்த மற்றோர் ஆணை, தேசியப் பூங்காக்களிலிருந்தும் சரணாலயங்களிலிருந்தும் பட்ட மரத்தையோ புல்லையோகூட அகற்றக் கூடாது என்றது. போதாததற்கு இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் 10 சதவீதம் மர நிழல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. சோலையா சீகையா என்று அது கேட்பதில்லை. சீகையை எடுத்துப் புல்லை மீட்கும் மாவட்டம் அந்த அறிக்கையில் காடு இழந்த மாவட்டமாகத் தெரியும்.

அண்மைய மாற்றங்கள் நம்பிக்கை தருபவை. 2022-இல் தமிழ்நாடு அரசு ஊடுருவல் தாவரங்களுக்கும் சூழல் மீட்புக்கும் தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2024-இல் 1,031 என்றும், 2025-இல் 1,303 என்றும் வரையாடுகள் கணக்கிடப்பட்டன. ஓராண்டில் வந்த கூடுதலை அப்படியே இனப்பெருக்கமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. தேடும் பரப்பும் தேடுவோர் பழக்கமும் எண்ணிக்கையை மாற்றும்.

சீகையை வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சமோ தீயோ பட்டால் ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரு வகை வேரிலிருந்தே கிளைக்கும். வெட்டிய இடத்தில் புல் தானாகத் திரும்பாமல் வேறு களைகள் ஏறிக்கொள்வதும் உண்டு. ஆகவே புல் நாற்றங்கால் போட்டு, தூர் தூராக நட்டு, ஆண்டுதோறும் சீகைக் கன்றைப் பிடுங்கவேண்டும். ஓராண்டு நிதி ஒதுக்கீட்டில் அடங்கும் வேலை அல்ல இது.

ஆய்வாளர்களுக்குள் இன்னொரு வாதமும் தீராமல் இருக்கிறது. பழனி மலையின் வட்டக்கானல் போன்ற இடங்களில் பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே எழுந்து வருகின்றன. அங்கே உறைபனி இல்லை, ஈரம் உண்டு. அந்தத் தோப்பை வெட்டினால் புல்லும் வராது, வளரும் சோலையும் போகும் என்கிறார்கள் சிலர். புல்வெளியின் இடத்தில் சோலை வந்தால் அது மீட்பாகுமா என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள். எனக்குத் தோன்றுவது இது: ஐம்பது ஆண்டு முதிர்ந்த தோப்புகளைப் பற்றிய முடிவு காத்திருக்கலாம். எஞ்சியுள்ள புல்வெளிகளின் ஓரங்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. முக்குறுத்தியின் விளிம்பிலும் மேல்பவானிச் சரிவுகளிலும் ஆங்காங்கே தலைகாட்டும் சீகைக் கன்று இன்று கையால் பிடுங்கும் உயரத்தில் இருக்கிறது. சில ஆண்டு விட்டால் அதற்கு ரம்பம் வேண்டும். ரம்பத்துக்கு அனுமதி வேண்டும்.