கொடுக்காய்ப்புளிக்கு எந்த ஊர்?

மாசி, பங்குனியில் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சாலையோரங்களில் கொடுக்காய்ப்புளி கூறு கட்டி விற்பனைக்கு வரும். பச்சையும் சிவப்பும் கலந்து சுருண்ட காய், உள்ளே வெள்ளைச் சதை, கறுத்து மினுங்கும் கொட்டை. படப்பையில் வளர்ந்தவர்களுக்கு இது நம்மூர்ப் பண்டம். அதில் தவறில்லை. ஆனால் இந்த மரத்தின் பிறந்த வீடு மெக்சிகோவும் அதற்குத் தெற்கே உள்ள நாடுகளும்தான்.

அங்கே அதன் பழைய பெயர் நாவாட்டில் மொழியில் ‘குவாவ்மோச்சித்ல்’. ‘குவாவ்’ என்றால் மரம். ஸ்பானியர் வாயில் அது ‘குவாமூச்சில்’ ஆனது. மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அந்த வழியில் மரமும் போனது, பெயரும் போனது. பிலிப்பைன்ஸ் மக்கள் இன்றும் அதைக் ‘காமச்சிலே’ என்கிறார்கள். கடல் கடந்தும் அந்தச் சொல்லின் எலும்பு உடையவில்லை.

அதற்கு மேற்கே வந்ததும் பழைய பெயர் அறுந்துபோகிறது. மரத்தைக் கண்டவர்கள் தமக்குத் தெரிந்த புளியை வைத்துப் புதுப் பெயர் கட்டினார்கள். தாய்லாந்தில் ‘மகாம் தேத்’. ‘மகாம்’ என்பது புளி. ‘தேத்’ நம் தேசம் என்ற சொல்லின் உறவு, அங்கே அயல்நாடு என்ற பொருளில் வருகிறது. தெலுங்கில் ‘சீம சிந்த’, கன்னடத்தில் ‘சீமெ ஹுணசெ’, மராத்தியில் ‘விலாயதி சிஞ்ச’. எல்லாமே சீமைப்புளிதான். ஆங்கிலேயர் ‘மணிலா டாமரிண்ட்’ என்றார்கள். ‘மெட்ராஸ் தார்ன்’, அதாவது மதராஸ் முள் என்றும் சொன்னார்கள். மெட்ராஸுக்கும் மணிலாவுக்கும் அந்நாளில் கப்பல் வணிகம் இருந்தது. 1762இல் மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படை புறப்பட்டதும் மெட்ராஸிலிருந்துதான். இரண்டு துறைமுகங்களின் பெயரும் ஒரே மரத்தில் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை.

தாவரவியல் பெயரும் நம் கரையில் தொடங்கியதுதான். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக மெட்ராஸுக்கு வந்த வில்லியம் ராக்ஸ்பரோ, சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் படங்களோடு நூலாக்கினார். அதில் 1798இல் இம்மரத்துக்கு ‘மிமோசா டல்சிஸ்’ என்று பெயரிட்டார். மிமோசா, தொட்டாற்சிணுங்கியின் பேரினம். டல்சிஸ் என்றால் இலத்தீனில் இனிப்பு. பின்னர் வில்டெனோ என்ற தாவரவியலாளர் அதை ‘இங்கா டல்சிஸ்’ ஆக்கினார். 1844இல் ஜார்ஜ் பெந்தம் ‘பித்தசெல்லோபியம்’ பேரினத்துக்கு மாற்றியபோது டல்சிஸ் ‘டல்சே’ ஆயிற்று. மிமோசாவும் இங்காவும் இலத்தீன் இலக்கணப்படி பெண்பால்; ‘இயம்’ என்று முடிவதோ அலிப்பால். பேரினத்தின் பால் மாறினால் அடைமொழியின் விகுதியும் மாற வேண்டும். மூன்று பேரினங்கள் மாறியும் இனிப்பு என்ற பொருள் மட்டும் அப்படியே நின்றது.

பித்தசெல்லோபியம் கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘பித்தகோஸ்’ குரங்கு, ‘எல்லோபியான்’ காதணி. குரங்கின் காதணி! சுருண்டு தொங்கும் காயைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் நியாயம் உடனே விளங்கும். வடக்கே இந்தியில் அதையே ‘ஜங்கல் ஜலேபி’ என்று காட்டு ஜிலேபியாகப் பார்த்தார்கள்.

தமிழ் என்ன செய்தது? ‘கொடு’ என்ற வேருக்கு வளைவு என்ற பொருள் உண்டு. கொடுவாள், தேளின் கொடுக்கு, செங்கோலுக்கு எதிரான கொடுங்கோல் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. கொடுக்காய்ப்புளியை வளைந்த காயையுடைய புளி என்றே நான் கொள்கிறேன். வேறு ஊர்களில் வழங்கும் கோணப்புளி, கோணக்காய் என்ற பெயர்களிலும் அதே கோணலைக் காண்கிறோம். ‘கொடுக்காத புளி’ என்று பிரிப்பவர்களும் உண்டு. காய்த்துக் கொட்டும் மரத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? சீமைக்கருவேலத்துக்குச் ‘சீமை’யை அடையாக்கிய தமிழர், இந்த மரத்தின் காயைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அக்கம்பக்கத்து மொழிகள் அயல் என்று குறித்ததை, நம் பேச்சு வந்த நாளிலேயே வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இத்தனைக்கும் ஒப்பிட வைத்துக்கொண்ட புளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அரபியர் அதை ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை என்றதால் டாமரிண்ட் என்ற பெயர் பிறந்தது.

படப்பை என்ற ஊர்ப்பெயரும் நினைக்கத்தக்கது. சங்க இலக்கியத்தில் படப்பை என்றால் தோட்டம், கொல்லை. கொடுக்காய்ப்புளி அந்தக் கொல்லைகளைக் காத்த வேலிமரம். முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது, வெட்ட வெட்டத் தழைக்கும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் வயலும் கொல்லையும் தொழிற்சாலை மனைகளாக, வேலிக்குப் பதில் மதில் எழும்புகிறது. வேலி போனால் மரம் போகும், மரம் போனால் அந்த ஊர் அதற்கு வைத்திருந்த பெயரும் போகும். கோணக்காய், கோணப்புளி, கொடுக்காய்ப்புளி: உங்கள் ஊரில் எது வழங்கியது என்று பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.